பிரீசெட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வீடியோவையும் ஆடியோவையும் வேறு வடிவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் மென்பொருளின் பிரீசெட் (முன்கூட்டியே அமைத்துவைத்த அமைப்புகள்) பட்டியலில் ஏகப்பட்ட பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். அதற்குள் இறங்கும் முன், விஎல்சி பிளேயரில் உங்கள் கோப்பை ஓடவிட்டு, கண்ட்ரோல் விசையையும் ஜே விசையையும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் (படத்தையும் ஒலியையும் சுருக்கிப் பதியும் முறை) விவரம் வரும். வீடியோ எந்தக் கோடெக், ஆடியோ எந்தக் கோடெக், படத்தின் அளவு, ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எம்பி4, எம்கேவி ஆகிய கோப்பு வகைகள் இரண்டும் வீடியோவையும் ஆடியோவையும் போட்டுவைக்கும் வெறும் டப்பாக்கள்தான். டிவியில் கோப்பு ஓடவில்லை என்றால் கோளாறு டப்பாவிலா, உள்ளே இருக்கும் சரக்கிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்கேவிக்குள் எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் இருந்தால் டப்பாவை மாற்றினாலே போதும். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளில் இரண்டு கோடெக்குக்கும் ‘காப்பி’ என்று கொடுத்தால் முழுநீளப் படம்கூடச் சீக்கிரம் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது. படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஆடியோ பெரும்பாலும் டிடிஎஸ் என்ற கோடெக்கில் இருக்கும். வீடியோவைக் காப்பியில் விட்டு ஆடியோவை மட்டும் ஏஏசிக்கு மாற்றுங்கள். இந்த வேலைக்கு ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட்டர் உதவாது. அது வீடியோவை எப்போதும் புதிதாகத்தான் என்கோட் செய்யும் (மறுபடி சுருக்கிப் பதியும்), அப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கழியும்.

என்கோட் செய்தே ஆக வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக்கின் ‘ஃபாஸ்ட் 1080பி30’ நல்ல தொடக்கம். அதன் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. ‘ஃபாஸ்ட்’ என்பது வேகத்துக்கும் தரத்துக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம், 1080 என்பது உயரத்தின் உச்சவரம்பு, 30 என்பது ஃபிரேம் ரேட்டின் உச்சவரம்பு. பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசி எண்ணில்தான். நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்த விளையாட்டு வீடியோவை இதில் போட்டால் பாதி ஃபிரேம்கள் போய்விடும், பந்து தாவித் தாவி நகரும். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை ‘மூலத்தில் உள்ளபடி’ என்று மாற்றிவிடுங்கள். ஃபோனில் எடுத்த வீடியோவை எடிட்டிங்குக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதே இடத்தில் ‘மாறாத ஃபிரேம் ரேட்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஃபோன் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்வதால் சில எடிட்டர்களில் போகப் போக உதடசைவும் குரலும் பிரிந்துவிடும்.

தரத்துக்கு ஹேண்ட்பிரேக்கின் தர அளவான ஆர்எஃப் எண்ணைப் பாருங்கள். எண் குறைந்தால் தரமும் கோப்பின் அளவும் கூடும். 1080பி வீடியோவுக்கு எச்.264இல் 20 முதல் 24 வரை போதும். அதைவிடக் குறைத்தால் கோப்புதான் பெருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. 480பி வீடியோவை 1080பி ஆக்குவதும் வீண்வேலை, இல்லாத நுணுக்கம் எங்கிருந்தும் வராது.

எச்.265 பிரீசெட்டில் கோப்பு நன்றாகச் சுருங்கும். ஆனால் பழைய டிவிகள் அதை ஏற்காது. எங்கே ஓடும் என்று தெரியாத கோப்புக்கு எம்பி4, எச்.264, ஏஏசி கூட்டணியே பத்திரம்.

குறிப்பிட்ட அளவுக்குள் அடக்க வேண்டும் என்றால் கணக்கு எளிது: வீடியோ, ஆடியோ பிட்ரேட்டுகளை (நொடிக்கு எத்தனை கிலோபிட், அதாவது கேபிபிஎஸ்) கூட்டி, நொடிகளால் பெருக்கி, 8ஆல் வகுக்க வேண்டும். 5,000 கேபிபிஎஸ் வீடியோவும் 160 கேபிபிஎஸ் ஆடியோவும் சேர்ந்து 10 நிமிடத்துக்குச் சுமார் 387 எம்பி வரும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும்.

முழுக் கோப்பையும் போடும் முன் அசைவு அதிகமுள்ள இடமாகப் பார்த்து 30 நொடியை மட்டும் மாற்றி, அது ஓட வேண்டிய கருவியிலேயே ஓட்டிப் பாருங்கள். புகை, மழை, தண்ணீர் வரும் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஆர்எஃப்பை இரண்டு எண் இறக்குங்கள்.

ஆடியோவில் யோசிக்க அதிகம் இல்லை. பாட்டுக்கு ஏஏசி 192 அல்லது எம்பி3 256 கேபிபிஎஸ் தாராளம். பேச்சுப் பதிவுக்கு மோனோவில் 64 போதும். எம்பி3யை ஃபிளாக் என்ற தரம் இழக்காத வடிவுக்கு மாற்றாதீர்கள். எம்பி3 ஆனபோதே கழிந்துபோன ஒலி திரும்பாது, கோப்புதான் பல மடங்கு வீங்கும்.