உப்பின் மேல் பூசும் ஒயில்: திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காலம் முடிந்ததும் பழுதுபார்க்க வரும் மோட்டார் சைக்கிள்களில் ஒரே வகைத் துருவைத்தான் ஆண்டுதோறும் காண்கிறேன். உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரை கடலை ஒட்டிய வீதியில் புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கும் இளைஞர்கள், தங்கள் தகப்பன்மார் செய்த அதே பிழைகளைத் திரும்பவும் செய்கிறார்கள். வண்டியைக் கடல் நீரில் இறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கனடாவில் இருக்கும் உறவினர்களும் உப்பைப் பற்றித்தான் முறையிடுகிறார்கள். அங்கே பனிக்காலத்தில் வீதியில் உறைந்த பனியை உருக்குவதற்கு உப்பைத் தூவுகிறார்கள். அது சக்கரத்தில் பட்டு வண்டியின் அடிப்பாகத்தில் தெறிக்கிறது. பெரும்பாலானோர் அந்த மாதங்களில் மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் நிறுத்திவைத்துத் தப்பிவிடுகிறார்கள். நமக்கு அந்த வழி இல்லை. இங்கே உப்பைக் காற்றே கொண்டுவருவதால், முற்றத்தில் சும்மா நிற்கும் வண்டியும் துருப்பிடிக்கும்.

கழுவாமல் ஒயில் பூசுதல்

இந்த ஒரு தவறுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் இதைச் செய்பவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். நிலாவெளிப் பக்கத்திலிருந்து மீன்பிடித் தொழில் செய்யும் தம்பி ஒருவர் பின் பிரேக்கைச் சரிபார்க்க வண்டியைக் கொண்டுவந்தார். தவறாமல் மாதந்தோறும் கழிவு ஒயிலைத் தூரிகையால் அடிப்பாகம் முழுவதும் பூசிவந்திருக்கிறார். வெளியே எல்லாம் கறுப்பாகப் பளபளத்தது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடியில் ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுரண்டியபோது, ஒயிலும் மணலும் சேர்ந்த படலம் தகடாகக் கழன்றது. அதனோடு இரும்பும் செதிள் செதிளாக உதிர்ந்தது. ஒட்டு வைத்த இடத்தின் அருகே ஸ்குரூ டிரைவர் உள்ளேயே போய்விட்டது. அந்தப் பாகத்தை முழுமையாக மாற்ற வேண்டியதாயிற்று. வண்டியை ஒருநாளும் தொட்டுப் பார்க்காத அவருடைய நண்பர்களின் வண்டிகள் அவ்வளவு மோசமாக இருக்கவில்லை.

உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே உப்புப் படிந்த இரும்பின் மேல் ஒயில் பூசும்போது உப்பு எங்கும் போவதில்லை. அது இரும்புக்கும் ஒயிலுக்கும் நடுவே அகப்பட்டு நிற்கிறது. மெல்லிய ஒயில் படலம் காற்றின் ஈரத்தையும் ஒட்சிசனையும் முழுமையாகத் தடுப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும்; வாடைக்காலக் காலைகளில் இங்கே அந்த அளவு எளிதாகத் தாண்டப்படுகிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு 33 சதவீத அளவிலான ஈரப்பதமே போதும் என்பதால், கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களிலும் பழைய உப்பு முழுமையாகக் காய்ந்துவிடுவதில்லை. போதாக்குறைக்கு, கழிவு ஒயிலில் எஞ்சின் எரிப்பில் உண்டான அமிலங்கள் கலந்திருக்கும். அதன் பசையில் கடற்கரை மணலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒயில் பூசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. முறை மாறிச் செய்வதுதான் தவறு. முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக, ஆனால் தாராளமாக விட்டு, மட்காட்டின் உட்புறத்தையும் ஸ்விங் ஆர்மின் அடியையும் ஸ்போக்குகள் ரிம்மோடு சேரும் இடங்களையும் கழுவுங்கள். பிறகு மூலைமுடுக்குகளில் ஈரம் போகும்வரை காயவிடுங்கள். காய்ந்த பின்னர் கறுப்புப் பெயின்ட்டின் மேல் வெள்ளைப் பூப்புத் தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் கழுவ வேண்டும். அதன் பிறகே ஒயில், அதுவும் புதிய ஒயில். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. துருவைச் சுரண்டாமல் அதன் மேல் பெயின்ட் அடிப்பதும் இதே தவறுதான்.

உவர்க் கிணற்று நீர்

கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவராக இருக்கிறது. வாயில் விட்டால் கரிக்கும் தண்ணீரால் வண்டியைக் கழுவி வெயிலில் விட்டால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். அழுக்கை அந்த நீரால் போக்கலாம். கடைசியாக ஊற்றும் தண்ணீர் குழாய் நீராகவோ மழை நீராகவோ இருக்க வேண்டும்.

உயர் அழுத்த நீர்

சக்கர பெயாரிங், செயின், மின் இணைப்புகள் ஆகியவற்றின் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

செயினுக்குப் பெற்றோல்

ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் உள்ள செயினைப் பெற்றோலால் கழுவினால் அது கெடும். மண்ணெண்ணெய் போதும்.

சைலன்சரின் அடித்துளை

சைலன்சரின் அடியில் உள்ள சிறு துளையைத் துரு தின்ற ஓட்டை என்று எண்ணிச் சிலர் பசை வைத்து அடைக்கிறார்கள். உள்ளே குளிர்ந்து சேரும் நீர் வடிவதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது. அடைத்தால் சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கப்படும்.

படங்கு

ஈரமான வண்டியைப் படங்கால் இறுக மூடினால் ஈரமும் உப்பும் ஒன்றாக உள்ளே தங்கும். வண்டி காய்ந்த பிறகு மூடுங்கள். மூடும்போதும் கீழ்ப்பக்கம் காற்றோட்டமாக இருக்கட்டும். படங்கின் உட்புறத்திலும் உப்புப் படியும் என்பதால், வண்டியைக் கழுவும் நாளில் அதையும் கழுவிக் காயவிட வேண்டும்.