சடை பின்னும்போதே தூங்கிவிடும் பிள்ளைக்கு

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். காலை 7.30 மணிக்குச் சிறப்பு வகுப்பு, 6.40-க்கு வேன் வந்துவிடும். 5 மணிக்கு எழுப்பி இரட்டைச் சடை பின்ன உட்கார வைத்தால், இரண்டாவது ரிப்பனைக் கட்டுவதற்குள் தலை என் கையில் சாய்ந்துவிடும். உலுக்கி எழுப்பித்தான் மாதக்கணக்கில் அனுப்பினேன். நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சோம்பல் என்று திட்டாதீர்கள். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலட்டோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

முதலில் ஒரு வாரம், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள். என் மகளுக்கு ஆறு மணி நேரம்கூடத் தேறவில்லை.

புத்தகப் பையும் சீருடையும் இரவே தயாராக இருக்கட்டும். மாலை 4 மணிக்குமேல் டீ, காபி வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் சமையலறை அலமாரிக்குப் போகட்டும், உங்கள் போனும் சேர்த்துத்தான். வேனுக்கு வாசலில் நின்று காத்திருக்கச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் முகத்தில் படவேண்டும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். நண்பகல்வரை விட்டால் அன்றிரவு தூக்கம் வராது.

இவ்வளவு செய்தும் எங்களுக்கு அரை மணி நேரம்தான் கூடியது. மீதி பள்ளியின் கையில் இருந்தது.

தனியாகப் போகாதீர்கள். நாங்கள் ஆறு அம்மாக்கள், ஆளுக்கொரு வாரக் குறிப்போடு தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. மாலைக்கு மாற்றக் கேட்டோம். "தாமதமாக வரச் சொன்னால் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள்" என்று பள்ளியில் சொல்வார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியபோது, பிள்ளைகளின் தூக்கம் 34 நிமிடம் கூடியதே தவிரக் குறையவில்லை என்று சொல்லுங்கள். கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

பள்ளிக்குப் போவதற்கு முன் வேன் ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். எங்கள் வேன் காலையில் இரண்டு நடை ஓடுகிறது. இரண்டாவது நடையில் இடமில்லை என்பதாலேயே எங்கள் மனு முதல்முறை திரும்பி வந்தது. மூன்று வீட்டார் முறைவைத்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வகுப்பு மாலை 4.30-க்கு மாறியது. இப்போது அவள் 6.15-க்கு எழுகிறாள்.