ஆன்லைனில் தங்க நகை வாங்கும் முன்

படத்தில் எந்த நகையும் பெரிதாகத்தான் தெரியும். போன வருடம் தங்கை மகளுக்கு ஒரு ஜிமிக்கி ஆர்டர் போட்டேன், பிரித்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. தப்பு என்னுடையதுதான், மில்லிமீட்டர் கணக்கு கீழே எழுதியே இருந்தது. இப்போதெல்லாம் அந்த அளவைத் தாளில் வரைந்து, வெட்டி, காதருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

கல் வைத்த நகையா? மொத்த எடையைப் பார்க்காதீர்கள், நிகர எடையைத் தேடுங்கள். 8 கிராம் நெக்லஸில் கல், மெழுகு எல்லாம் போக 6.5 கிராம்தான் தங்கம் என்றால் அந்த 6.5-க்குத்தான் தங்க விலை போட வேண்டும், கல்லுக்கு விலை தனி. செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். 'சேதாரம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் செய்கூலியை இன்னொரு முறை பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஏறியிருக்கும்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். அப்புறம் நகையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 கேரட் என்றால் 916 என்ற தூய்மை எண், கூடவே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். பொடி எழுத்து, போன் கேமராவில் ஜூம் செய்தால்தான் தெரியும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகை வகையும் தூய்மையும் வரும். கையில் இருப்பது தோடு, செயலி மோதிரம் என்கிறதா? அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் என்கிற இந்த முத்திரை கட்டாயமில்லை, குட்டி மூக்குத்தியில் அதைத் தேட வேண்டாம்.