மஞ்சளை நிறம் பார்த்து வாங்காதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே மசாலாத் தூள் அரைத்து விற்கத் தொடங்கும் பெண்கள் பெருகிவருகிறார்கள். நெடுநாளாக இதே தொழிலில் இருப்பதால் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மஞ்சளில்தான் இடறுகிறார்கள். ஈரக் கரண்டியை டப்பாவில் விடக்கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியுமாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பளபளப்பை நம்புவது

கொத்தவால் சாவடி மொத்தக் கடைகளில் மங்கலான, தோலில் வளையங்கள் தெரியும் விரலி மஞ்சளும், வழுவழுப்பாகப் பொன்னிறத்தில் மின்னும் மஞ்சளும் அருகருகே இருந்தால், புதியவரின் கை இரண்டாவதன் மேல்தான் போகிறது. பாலிஷ் போடுவது தவறன்று. வேகவைத்து உலர்த்திய மஞ்சளை உருளையில் இட்டுச் சுழற்றினாலே மேல்தோல் உதிர்ந்து ஓரளவு மெருகேறிவிடும். அது போதாதென்று சிலர் ஈயக் குரோமேட் என்னும் சாயப்பொடியைப் பூசுவதுதான் ஆபத்து. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள், இப்படிச் சாயம் பூசிய மஞ்சளே முக்கியக் காரணம் என்று 2019இல் வெளியிட்டார்கள். ஈயம் கொதிக்கவைத்தாலும் போகாது, எலும்பில் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண், மில்லுக்குப் போகும் வழியில் ஒரு மூட்டையோடு வந்து, "அக்கா, கலரைப் பாருங்க" என்றாள். ஒரு கொம்பை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். கலக்காமலே நீர் மஞ்சளாகிவிட்டது. ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடந்தது. கழுவிக் காயவைத்து அரைத்துவிடலாமா என்று கேட்டாள். என்ன சாயம் என்பது பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும், ஆனால் சாயம் என்று தெரிந்தபின் ஒரு பிடிகூட அரைக்கக்கூடாது என்றேன். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போட்ட முதல் போனது. எனக்கு ஆறாத கோபம் கடைக்காரர் மீது மட்டுமன்று. நல்ல தூளைக் கொடுத்தால் "ஏன் மங்கலா இருக்கு" என்று முகம் சுளித்து, மின்னுவதைத் தேடி வேறு கடைக்குப் போகிறவர்களால்தான் சாயம் பூசுபவர் பிழைக்கிறார்.

பார்க்க வேண்டியது உள்நிறத்தை. நன்கு விளைந்து காய்ந்த கொம்பு பட்டென்று ஒடியும். உள்ளே அடர்ந்த ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும். தூளாக வாங்கினால் ஒரு கரண்டியைத் தண்ணீரில் தூவி அசைக்காமல் வையுங்கள். நல்ல தூள் அடியில் படிந்து, மேல்நீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். மேல்நீர் அடர் மஞ்சளாகவே இருந்தால் அந்தத் தூள் வேண்டாம்.

சோப்பு பட்டுச் சிவப்பதைக் கலப்படம் என்பது

அது மஞ்சளின் இயல்பு. சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நீர் சிவப்பதும் இதனால்தான்.

கஸ்தூரி மஞ்சளைக் குழம்பில் போடுவது

அது பூச்சுக்கு மட்டும்.

வெட்டுக்காயத்தில் தூவுவது

காசிமேட்டில் மீன் வெட்டும்போது கையில் கத்தி பட்டால் உடனே மஞ்சள் டப்பாவைத் தேடுகிறார்கள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. அமெரிக்காவில் 1995இல் இதற்கு அளிக்கப்பட்ட காப்புரிமை, இது பழைய அறிவு என்று இந்தியா சான்று காட்டியதால் 1997இல் ரத்தானது. ஆனால் சமையலறைத் தூள் கிருமி நீக்கியதன்று. ஆழமான காயத்தை ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும், தடுப்பூசியும் தேவைப்படலாம்.

மாத்திரையாக விழுங்குவது

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்னும் பொருள் தூளில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அதிலும் உடம்பு உறிஞ்சுவது சொற்பம். மிளகின் பைப்பரின் சேரும்போது உறிஞ்சுதல் ஏறத்தாழ 20 மடங்கு கூடுவதாக 1998இல் வெளியான பெங்களூர் ஆய்வு காட்டியது. மிளகு ரசத்திலும் எண்ணெயில் தாளித்த மீன் குழம்பிலும் இந்தச் சேர்க்கை அளவோடு அமைந்திருக்கிறது. செறிவூட்டிய மாத்திரைகள் அப்படியல்ல; அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது.