கோல்ஃப் மைதானத்தில் நாய்: கூட்டிப்போகிறவர்களும் கிளப்புகளும் செய்யும் தவறுகள்

நாயை கோல்ஃப் மைதானத்துக்குள் விடலாமா, கூடாதா என்ற சண்டை பிரிட்டனில் ஓய்வதே இல்லை. விடலாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. லண்டனை அடுத்த சன்னிங்டேல் போன்ற பெயர்பெற்ற கிளப்பிலேயே உறுப்பினர்கள் நெடுங்காலமாக நாயோடு நடந்து ஆடிவருகிறார்கள். ஆனால் ஆடுபவரின் காலடியில் நடந்து வரும் நாய் வேறு, ஓடி விளையாட விடுவதற்கென்றே கூட்டிவரப்படும் நாய் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான ஓல்ட் கோர்ஸைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பலர், "அங்கேயே நாயை விடுகிறார்கள், இங்கே என்ன?" என்று கேட்கிறார்கள். அவர்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். பெரிய போட்டிகள் நடக்கும் சில ஞாயிறுகளைத் தவிர, அன்று ஓல்ட் கோர்ஸில் ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் உலாவும் பூங்காவாக அது மாறிவிடும். மற்ற நாட்களில் அப்படி இல்லை. முதல் ஃபேர்வேயையும் (பந்து அடித்துக்கொண்டு போகும் வெட்டிய புல்வெளி) பதினெட்டாவது ஃபேர்வேயையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகும் கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுப்பாதையில் நாயோடு கடக்கலாம், அவ்வளவுதான். பந்து பறக்காத நாளின் சுதந்திரத்தைப் பந்து பறக்கும் நாளிலும் எதிர்பார்ப்பது நாயின் உயிருக்கே ஆபத்து. தேர்ந்த ஆட்டக்காரர் டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, அடிக்கும் பந்து மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் வேகமாகப் பாயும்.

சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது அடுத்தது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் எங்கும் நடந்துபோகும் உரிமையைத் தருகிறது என்று பலரும் சொல்வார்கள். கோல்ஃப் மைதானத்தைப் பொறுத்தவரை அது குறுக்கே கடந்துபோகும் உரிமை மட்டுமே. குழியைச் சுற்றிய மழமழப்பான புல்தரையான க்ரீன் மேல் கால் வைக்கக் கூடாது, ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்கும் இடமாகவும் அதை வைத்துக்கொள்ள முடியாது. இங்கிலாந்தில் இன்னும் குறுகல். பொதுமக்கள் நடந்துபோக 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட நிலங்களில் கோல்ஃப் மைதானங்கள் சேராது. ஆனால் பல மைதானங்களின் ஊடே பழைய பொது நடைபாதைகள் போகின்றன. அந்தப் பாதையில் நாயோடு நடப்பவரைக் கிளப் தடுக்க முடியாது. பாதையை விட்டு நாய் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும்.

இனி நாயோடு ஆட வருபவர்கள். இழுக்க இழுக்க நீளும் லீஷ் (நாயைக் கட்டும் வார்) இங்கே ஆகவே ஆகாது. ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் நாய் பக்கத்து ஆட்டக்காரரின் பந்துப் பாதையில் நிற்கிறது என்று பொருள். கோல்ஃப் பையை வைத்துத் தள்ளும் ட்ராலியில் கட்டிவைப்பதும் தவறு. ஒரு அணில் ஓடினால் போதும், நாய், ட்ராலி, பை எல்லாம் சேர்ந்து உருளும். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் குட்டையான லீஷ் நல்லது. அடிக்கும்போது லீஷைக் கூட வந்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லையென்றால் தரையில் குத்தும் முளையில் மாட்டி, அடிப்பவருக்குப் பின்னால் போதுமான தூரத்தில் நாயை உட்காரவைக்கலாம். உட்காரச் சொன்னால் உட்காரும், பந்து பறந்தால் துரத்தாது என்று பழகாத நாயைக் கூட்டிவரவே வேண்டாம். பழக்குவதற்குக் கூட்டமில்லாத மாலையில் மூன்று நான்கு ஹோல் (டீயிலிருந்து குழிவரை ஆடும் ஒரு பகுதி) போதும். பதினெட்டு ஹோலும் நடந்தால் எட்டுப் பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். குட்டிக்கும், மூக்குச் சப்பையான இனங்களுக்கும் அது கொடுமை.

க்ரீன் விஷயத்தில் மைதானப் பராமரிப்பாளர்களின் கோபம் முழுக்க நியாயமானது. அங்கே புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். நாயின் சிறுநீரில் உள்ள நைட்ரஜன் அந்த மெல்லிய புல்லைக் கருக்கிவிடும், அந்த வட்டம் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். மணல் பள்ளமான பங்க்கரில் மணலை நாய் கிளறினால் ரேக்கை எடுத்து நாமே சமன்படுத்த வேண்டும். கழிவைப் பையில் அள்ளிவிட்டு அந்தப் பையைப் புதரோரம் வைத்துவிட்டுப் போவது அள்ளாமல் விடுவதைவிடக் கேவலம்.

நாய்க்கு வரும் கேடுகளைப் பலர் யோசிப்பதே இல்லை. கோடையில் குட்டைகளில் நீலப்பச்சைப் பாசி படரும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம். அதனால் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கோல்ஃப் பந்தை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். உரமோ களைக்கொல்லியோ எப்போது போட்டார்கள் என்று பராமரிப்பாளரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. வசந்த காலத்தில் லிங்க்ஸ் எனும் கடலோர மைதானத்தின் உயர்ந்த புல்லில் வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும்; ரஃப் எனும் அந்த உயர்ந்த புல்லுக்குள் நாயை நுழைய விடாதீர்கள்.

கிளப்புகளின் தவறு, ஒரே வரியில் தடை போடுவது அல்லது ஒரே வரியில் அனுமதி கொடுப்பது. ஒருவருக்கு ஒரு நாய், போட்டி நேரத்தில் வேண்டாம், குட்டை லீஷ் கட்டாயம், குப்பைத்தொட்டி எங்கெங்கே என்று எழுதிவைக்காமல் கொடுக்கும் அனுமதி முதல் புகாரிலேயே ரத்தாகிவிடும்.

கடைசியாக, நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடினால் நடக்கும் தேவையற்ற வாக்குவாதம். விதி தெளிவாகவே இருக்கிறது. நின்றிருந்த பந்தை விலங்கு எடுத்தது உறுதியாகத் தெரிந்தால் தண்டனை ஸ்ட்ரோக் (கூட்டிக் கணக்கிடும் அடி) இல்லை. முதலில் கிடந்த இடத்திலேயே வைத்து ஆட வேண்டும், இடம் சரியாகத் தெரியாவிட்டால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். க்ரீனிலிருந்து தட்டிய பந்து ஓடும்போது நாய் மேல் பட்டால் அந்த ஸ்ட்ரோக் கணக்கில் வராது, திரும்பத் தட்ட வேண்டும். நாய் தோண்டிய குழியில் பந்து விழுந்தால் முன்பு இலவச நிவாரணம், அதாவது தண்டனையில்லாமல் பந்தை நகர்த்தி ஆடும் சலுகை, கிடையாது, ஏனென்றால் முயலைப் போல வளை தோண்டி வாழும் விலங்காக நாயைக் கருதவில்லை. 2019இல் விதிகள் மாறியபின் நாய்க்குழிக்கும் நிவாரணம் உண்டு. ஆனால் குழியை மூடிவிட்டுப் போக வேண்டியது நாயைக் கூட்டிவந்தவர்.