பெரு போகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், மீட்டரைப் பார்ப்பதில்லை

தென் அமெரிக்க நாடான பெருவின் மலை நகரம் குஸ்கோ. அங்கே எனக்குக் கிடைத்த அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. காலையில் லிமாவில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கியிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. அறைக்குப் போய்ப் பையைத் திறந்தால், லிமாவில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு இருந்தது. வெளியே காற்றழுத்தம் குறைந்ததால் உள்ளே இருந்த காற்று விரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். ராத்திரி எட்டு மணிக்குத் தலைவலி ஆரம்பித்தது, பத்து மணிக்குக் குமட்டல். மறுநாள் முழுக்கப் படுக்கை.

தலைநகர் லிமா கடலோர நகரம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். குஸ்கோ உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குள் போகும் ஆக்ஸிஜனும் அதற்கேற்ப குறைவு. இதனால் வரும் தொல்லைக்கு அங்கே சொரோச்சே என்று பெயர். ஜிம் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. இளவட்டங்கள் சுருண்டு கிடக்க, கூட வந்த அறுபது வயதுக்காரர் ஊர் சுற்றிக்கொண்டிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் பயப்படும் மச்சு பிச்சு, அதாவது இன்காக்கள் மலைமேல் கட்டிய பழைய நகரம், 2,430 மீட்டர்தான். குஸ்கோவைவிட கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் தாழ்வு. ஆனாலும் பெரும்பாலான திட்டங்கள் முதல் இரண்டு நாள் குஸ்கோ, அப்புறம் மச்சு பிச்சு என்றுதான் இருக்கின்றன. அதைத் தலைகீழாகப் போடுங்கள். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் வண்டி பிடித்து உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உருபம்பா, ஒயாந்தைதாம்போ ஊர்கள் 2,800 மீட்டர் வாக்கில் இருக்கின்றன. இரண்டு ராத்திரி அங்கே தங்கிவிட்டு, ஒயாந்தைதாம்போவிலேயே ரயிலேறி மச்சு பிச்சு பார்த்துவிட்டு, கடைசியில் குஸ்கோவுக்கு ஏறுங்கள். டிட்டிகாக்கா ஏரி பார்க்கப் பூனோ போவதென்றால் அது இன்னும் உயரம், 3,800 மீட்டருக்கு மேல். அதற்கும் பிறகுதான் வினிகுங்கா என்ற வானவில் மலை. 5,000 மீட்டரைத் தாண்டும் அந்த இடத்துக்கு, வந்து இறங்கிய இரண்டாம் நாளே விடியற்காலை வேனில் ஏற்றி அனுப்பும் ஏஜெண்டுகள் குஸ்கோவில் தெருவுக்குத் தெரு உண்டு. மறுத்துவிடுங்கள்.

முதல் நாள் மதுவும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம். அசிட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆனால் சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அது தலைவலி மாத்திரையில் தீருகிற விஷயம் இல்லை. உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவமனை பார்க்க வேண்டும்.

விடுதிக்குள் நுழைந்ததும் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி. குடிக்கலாம், இதமாக இருக்கும். மருந்து என்று நம்பி உயரத்தை அலட்சியம் செய்யத்தான் கூடாது. அலுவலகத்தில் போதைப்பொருள் பரிசோதனை உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது, சோதனையில் காட்டிவிடும்.

மச்சு பிச்சு டிக்கெட்: எங்கே நிற்கப் போகிறீர்கள்?

அடுத்த பெரிய தவறு, டிக்கெட் என்றால் ஒரே டிக்கெட்தான் என்று நினைப்பது. 2024 முதல் அங்கே மூன்று சுற்றுப்பாதைகள், அவற்றுக்குள் கிளை வழிகள் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் சுற்று மேல்தளப் படிக்கட்டு வயல்களோடு சரி. அந்தப் பழைய நகரத்தையே காலடியில் பார்க்கலாம், அதற்குள் இறங்க முடியாது. மூன்றாவது சுற்றில் கீழ்ப்பகுதிக் கட்டடங்களுக்குள் நடக்கலாம், ஆனால் மேலிருந்து முழு நகரமும் தெரியும், எல்லோர் மனதிலும் இருக்கும் அந்தப் படம் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டாவது சுற்று. அதனால் அதுதான் முதலில் தீர்ந்துபோகும். வைனா பிச்சு சிகரம் ஏற விரும்புகிறவர்களுக்கு மூன்றாவது சுற்றோடு சேர்ந்த தனிச்சீட்டு. ஒரே நாளில் இரண்டு சுற்று பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு டிக்கெட் வாங்கியாக வேண்டும்.

சீட்டில் நேரம் இருக்கும், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டையே கேட்பார்கள், செல்போனில் எடுத்த படம் போதாது. இங்கே நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல். முதல் பெயர், அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் என்று கேட்பது ஸ்பானிஷ்காரர்கள் வழக்கம். நம் பாஸ்போர்ட்டிலோ சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி, சிலருக்கு அப்பா பெயர், சிலருக்கு இனிஷியலை விரித்து எழுதியது. எப்படி நிரப்பினாலும் ரயில், விமானம், நுழைவுச்சீட்டு மூன்றிலும் ஒரே மாதிரி நிரப்புங்கள். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். முன்பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

உள்ளே கழிப்பறை இல்லை, வாசலுக்கு வெளியேதான். வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள் என்ற கணக்கில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். செல்ஃபி ஸ்டிக், ட்ரைபாட், குடை எதற்கும் அனுமதி இல்லை. 40க்கு 35க்கு 20 சென்டிமீட்டர் அளவைத் தாண்டும் பையும் உள்ளே போகாது. மழைக்கு ரெயின்கோட்தான். மச்சு பிச்சுவுக்கு வரும் பழைய நடைவழியான இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து வர நினைப்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதில் சுமை தூக்குபவர்களும் வழிகாட்டிகளும் அடக்கம். அதனால் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதையையே மூடிவிடுவார்கள்.

எந்த மாதம்?

மலைப் பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், வானம் தெளிவாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கொட்டும். அதனால் ஜூலையில் போகலாம் என்று முடிவு செய்பவர்கள் டி-ஷர்ட்டுகளோடு கிளம்பிவிடுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம். குஸ்கோவில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரி உறைநிலையைத் தொடும். லிமாவோ அந்த மாதங்களில் சூரியனையே காட்டாது. சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடக்கும் அந்த வானத்தை லிமாக்காரர்கள் 'கழுதை வயிறு' என்கிறார்கள். பார்த்தால் பெயர் பொருத்தம் என்று தோன்றும். ஜூலை 28, 29 சுதந்திர தின விடுமுறை, நாடே பயணத்தில் இருக்கும்.

பணம், டாக்ஸி, சாப்பாடு

நாணயம் சோல். டாலர் எடுத்துப்போனால் புத்தம்புது நோட்டாகப் பாருங்கள். பணம் மாற்றும் கடையில் ஒரு பெண்மணி என் நூறு டாலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஓரமெல்லாம் தடவி, ஒரு மூலையில் நகக்கண் அளவு கிழிசலைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்துக் கடையிலும் அதே கதை. 100, 200 சோல் நோட்டை நீட்டினால் சின்னக் கடைகளில் முகம் சுருங்கும். சில்லறைக்கு அங்கே சென்சியோ என்பார்கள். கிடைக்கும்போதெல்லாம் சேர்த்து வையுங்கள்.

டாக்ஸியில் மீட்டர் என்பதே கிடையாது. ஏறும் முன் பேசி முடிக்க வேண்டும், ஏறிய பிறகு கேட்டால் அவர் சொன்னதுதான் விலை. லிமாவில் ஆப் வழியாகக் கூப்பிடுவது நிம்மதி.

சைவர்கள் கவனிக்க: 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று கோழியையும் மீனையும் பெயர் சொல்லி விலக்குங்கள். அப்படியும் காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குடைமிளகாய் மாதிரி குண்டாக, சிவப்பாக இருக்கும் ரொகோத்தோவைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆந்திரா காரம் சாப்பிட்டவர்களுக்கும் கண்ணில் நீர் வரும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கழிப்பறையில் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

போவதைவிடத் திரும்புவது

விசா விஷயத்தில் ஒரு சலுகை உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் விசா ஆறு மாதமாவது மீதமிருக்கும்படி வைத்திருக்கும் இந்தியர்களுக்கும், அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி உள்ளவர்களுக்கும் சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை. மற்றவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் போடும் முன் அன்றைய விதியைத் தூதரகத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லாததால், வழியில் மாறும் நாட்டின் இடைவழி விசாவையும் பார்க்க வேண்டும்.

பலர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. 'நான் அமேசான் பக்கமே போகவில்லையே, லிமாவும் குஸ்கோவும்தானே' என்பார்கள். பெருவுக்குள் நுழையும்போது யாரும் கேட்காமலும் இருக்கலாம். கேட்பவர்கள் சென்னை விமான நிலையத்தில் இருக்கிறார்கள். நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருப்பதால், தடுப்பூசி அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இலங்கை திரும்புபவர்களிடமும் இதே அட்டை கேட்கப்படும். ஊசியை அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படிப்பட்ட ஒன்று. போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கப் போதும்.

கோகா தேநீர்ப் பொட்டலத்தை நினைவுப் பொருளாகப் பெட்டிக்குள் போடாதீர்கள். லிமா விமான நிலையக் கடைகளில் விற்கிறார்கள் என்பதால் மட்டும் அது இந்தியாவில் சட்டபூர்வமாகிவிடாது.

கடைசியாக, பாரோ. ஸ்பானிஷில் வேலைநிறுத்தம், மறியல் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். மச்சு பிச்சு அடிவாரத்து ஆகுவாஸ் காலியெந்தெஸ் ஊருக்குச் சாலை வழி கிடையாது, தண்டவாளம்தான். தண்டவாளத்தில் நாலு பாறாங்கல்லை உருட்டிவிட்டால் ஊரே தீவு. 2022 டிசம்பரில் அரசியல் கொந்தளிப்பின்போது நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். சிலர் தண்டவாளத்திலேயே நடந்து வெளியேறினார்கள். 2023 ஜனவரியில் மச்சு பிச்சுவையே சில வாரங்கள் மூடிவைத்தார்கள். மழைக்காலத்தில் இதே வேலையை மண்சரிவு செய்யும். அதனால் மச்சு பிச்சு பார்த்த மறுநாளே ஊர் திரும்பும் விமானம் போடாதீர்கள், நடுவே இரண்டு நாளாவது விடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அந்த இரண்டு நாளும் லிமாவில், கடல் மட்டத்தில், தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு மிராஃபுளோரெஸ் பாறை ஓரத்தில் நடக்கலாம்.