பழைய வால்வு ஆம்ப்ளிபயரைக் கடையிலேயே போட்டுப் பார்க்காதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரசம் போன கண்ணாடி இவற்றுக்கு நடுவே சில சமயம் ஒரு வால்வு ரேடியோவோ மைக்செட் ஆம்ப்ளிபயரோ கண்ணில் படும். வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருந்த, சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய். பாட்டுக் கேட்பதற்கென்றே அதை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே" என்பதுதான். தயவுசெய்து கேட்காதீர்கள்.

நான் கேட்டேன். பல வருஷம் பரணில் கிடந்த பெட்டி. பிளக்கைச் செருகியதும் வால்வுகள் மெல்ல ஒளிர்ந்தன, மனசு நிறைந்துபோனது. இரண்டு நிமிஷத்தில் ஒரு வால்வின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவக்க ஆரம்பித்தது. இழை ஆரஞ்சாக மினுங்குவது இயல்பு. தகடு சிவப்பது ஆபத்து. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் பழைய காகித ரகம் ஒன்று கசிந்து, வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்திருக்கிறது. நான் சுவிட்சை அணைப்பதற்குள், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகி வாசனை வந்துவிட்டது.

வால்வு போனால் வாங்கிவிடலாம். இஎல்84, இஎல்34, 12ஏஎக்ஸ்7 போன்ற வால்வு ரகங்கள் எல்லாம் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. டிரான்ஸ்பார்மர் அப்படியில்லை. திரும்பச் சுற்ற நல்ல ஆள் கிடைப்பதே பாடு. மரப்பெட்டியின் மினுமினுப்புக்கும் பித்தளைக் குமிழுக்கும் காசு கொடுக்கிறோம். கொடுக்கவேண்டியது அந்த இரும்புக் கட்டிக்குத்தான்.

அதனால் கடையில் மின்சாரம் இல்லாமலே பாருங்கள். வால்வின் உள்பக்கம், பெரும்பாலும் தலையில், கண்ணாடி போல ஒரு வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. டிரான்ஸ்பார்மரில் மெழுகு உருகி வழிந்திருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா, சுருள் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரோடு பாருங்கள். யாராவது அதற்கு முன் போட்டுப் பார்த்திருந்தால் உள்ளே கை வைக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கெபாசிட்டர்களை மாற்றிவிட்டு, சீரிஸ் போர்டில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி, 100 வாட் குண்டு பல்போடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

மைக்செட் ஆம்ப்ளிபயர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பேச்சு தெளிவாகக் கேட்கச் செய்தது. கனத்த பேஸ் சத்தம் வீட்டு ஹைஃபை அளவுக்கு வராது. பின்னால் 4, 8, 16 ஓம் என்று இருந்தால் வீட்டு ஸ்பீக்கரை மாட்டலாம். நீள வயரில் பல ஸ்பீக்கர்களை ஓட்டுவதற்கான 100 வோல்ட் லைன் மட்டும் இருந்தால் நேரடியாக மாட்டக்கூடாது. ஸ்டீரியோ வேண்டுமானால் ஒரே மாதிரி இரண்டு தேவை. எதுவானாலும் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள், அதுவும் டிரான்ஸ்பார்மரைத்தான் கொல்லும்.

அப்புறம், ஏசி/டிசி என்று பின்னால் எழுதிய ரேடியோக்கள். பலவற்றில் மெயின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. சேஸிஸ் என்கிற உள் இரும்புச் சட்டம் நேரடியாக மின்சார லைனோடு சேர்ந்திருக்கும். அதில் செல்போன் வயரைச் செருகி ஆம்ப்ளிபயராக்குவது உயிரோடு விளையாடுவது. வேண்டவே வேண்டாம்.

வாட் குறைவு என்று நல்லதை விட்டுவிடவும் வேண்டாம். 1953இல் வந்த குவாட் 2 என்ற பிரிட்டிஷ் வால்வு ஆம்ப்ளிபயர் வெறும் 15 வாட்தான், இன்றும் தேடி வாங்குகிறார்கள். குறைந்த வாட்டிலேயே சத்தம் தரும், நல்ல உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் இருந்தால் அது போதும். நம் ஊர் வீட்டில் அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆத்தங்குடிக் கல், வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பாட்டு குழம்பினால் ஆம்ப்ளிபயரைக் குறை சொல்லத் தோன்றும். முகப்பில் அழகுக்கு வைக்காமல் சாமான் நிறைந்த ஒரு சின்ன அறையில், கனமான ஜமுக்காளம் விரித்து வைத்துக் கேளுங்கள்.